புழலுக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் இடையே

2018 மே 9ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், ஊர் பேர் தெரியாத மனிதர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியே காரணம். கொன்ற பிறகு உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலம் பாதிக்கப்பட்டு அந்தப் பகுதியில் அலைந்துகொண்டிருந்தவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. தமிழ் பேசத் தெரியாத, தான் யார் என்று விளக்கத் தெரியாத எவரையும் சந்தேகத்துக்கு உரியவராக்கும் செய்திகள் அந்த வாரங்களில் வடதமிழகத்தின் செல்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன.

சரியாக இருபது நாள் கழித்து, மே 29 அன்று, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நடைமுறைக்கு வந்தது. அலைந்து திரியும் மனநோயாளி ஒருவரைக் கண்டால் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் அவரைத் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், எந்தச் சூழ்நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்றும் அதன் 100ஆவது பிரிவு சொல்கிறது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் 'அடிக்காதீர்கள், போலீஸில் ஒப்படைப்போம்' என்று சொல்லி, மற்றவர்களும் அதைக் கேட்டிருந்தால், அந்த மனிதர் எங்கே போயிருப்பார்?

வடக்கேயிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்குள் நுழையும் பழைய கல்கத்தா நெடுஞ்சாலை செங்குன்றத்தைத் தாண்டியதும் புழலைத் தொடுகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் 1837 முதல் இருந்துவந்த பழைய மத்தியச் சிறைக்கு மாற்றாக 2006இல் திறக்கப்பட்ட சிறை வளாகம் அங்கே இருக்கிறது. அன்று அது திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருந்தது. 2018இன் எல்லை மாற்றத்தில் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதே சாலையில் இன்னும் சில மைல் தெற்கே வந்தால் கீழ்ப்பாக்கம். அங்கே 1871 முதல் மனநோயாளிகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் ஒரு காவல் நிலையத்திலிருந்து பார்த்தால், இரண்டும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதில்தான் ஒரு மனிதரின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. அந்த முடிவை யார், எந்தச் சட்டத்தின் பேரில், எப்படி எடுத்துவந்தார்கள் என்பதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

*

காலனியச் சட்டம் வருவதற்கு முன் பித்தரை நம் சமூகம் எப்படி நடத்தியது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. தமிழ் மொழி இவ்விஷயத்தில் இரண்டு மனத்தோடு இருந்திருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் தன்னை ஆட்கொண்ட இறைவனைச் சுந்தரர் 'பித்தன்' என்று விளித்தே தம் முதற்பதிகத்தைத் தொடங்கினார். காரைக்கால் அம்மையார் தம்மைப் 'பேய்' என்று அழைத்துக்கொண்டார். சித்தர் மரபில் ஊருக்கு வெளியே கந்தலோடு திரிபவர் ஞானியாகவும் இருக்கக்கூடும் என்ற ஐயம் எப்போதும் உண்டு. அந்த ஐயமே பலருக்கு ஒருவேளைச் சோறு போட்டது. சித்த மருத்துவ நூல்கள் 'கிரிகை' என்ற பெயரில் மனநோய்களை வகைப்படுத்திப் பேசின. குணசீலமும் சோளிங்கரும் மனநோய் தீர்க்கும் தலங்களாக இன்றும் நம்பப்படுகின்றன.

ஆனால் இதை வைத்துப் பொற்காலம் ஒன்றைக் கட்டிவிடுவதற்கில்லை. அதே மரபில்தான் வேப்பிலையடியும் விலங்கும் இருந்தன. பித்தன் என்ற சொல் கடவுளுக்குப் புகழாகவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வசையாகவும் ஒரே காலத்தில் இருந்தது. பிற்காலத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசையாக மாறியதைத் திரைப்பட நகைச்சுவைகள் வழியே நாம் அறிவோம். மருத்துவமனை ஒன்றின் முகவரி கேலிச்சொல்லாக மாறிய பிறகு, அங்கே ஒருவரை அழைத்துச்செல்வது குடும்பத்துக்கு எத்தனை கடினமாகிவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளி வீட்டிலேயே மறைக்கப்படுகிறார், ஒருநாள் வெளியேறிவிடுகிறார், அதன் பிறகு அவர் காவல்துறையின் பொறுப்பு.

*

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் இல்லம் 1794இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனோலி அதை நடத்தினார். அது கம்பெனியின் நேரடி நிறுவனம் அன்று; மருத்துவர் இல்லத்தை நடத்த, கம்பெனி பணம் கொடுத்தது. பின்னர் டால்டன் என்ற மருத்துவரின் கைக்கு வந்து, அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. நோயாளியைப் பராமரிப்பது குத்தகைத் தொழிலாகவும் இருக்க முடியும் என்பதை நம் மாகாணம் அப்போதே கண்டுகொண்டது.

1858இல் பித்தர் காப்பகங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. கிளர்ச்சியை அடக்கிக் கம்பெனியிடமிருந்து முடியரசு ஆட்சியை எடுத்துக்கொண்ட ஆண்டு அது. ஒழுங்கு என்ற சொல்லே ஆட்சியின் மூச்சாக இருந்த காலம். சென்னை மாகாணத்துக்கான காவல் சட்டம் மறு ஆண்டில், 1859இல் வந்தது. நவீன போலீஸும் நவீன பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் நம் மண்ணில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். 1871இல் கீழ்ப்பாக்கத்தின் 'லோகாக் தோட்டம்' என்ற இடத்தில் 145 நோயாளிகளுடன் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநல மருத்துவமனை என்றும், 1978இல் மனநலக் கல்வி நிலையம் என்றும் பெயர் மாறியது. பெயர் மாறிய வேகத்தில் உள்ளே இருப்பவர்களின் நிலை மாறவில்லை என்பதற்கு நம் இலக்கியமே சாட்சி சொல்லும். கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' அந்தச் சுவர்களுக்குள் பேசப்பட்டதைக் காது கொடுத்துக் கேட்ட அரிய தமிழ் நாவல்.

*

சட்டத்தின் மொழிக்கு வருவோம். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்குச் சட்ட நூல்களில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் ஒரே தொடர் 160 ஆண்டுகளாக நான்கு சட்டங்களில் எப்படிப் பயணம் செய்திருக்கிறது என்று பார்ப்பது உரையாசிரியர்களின் பாடபேத ஆய்வுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

1858ஆம் ஆண்டுச் சட்டம், தம் எல்லைக்குள் 'அலைந்து திரியும்' பித்தரைப் 'பிடித்து' மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவது தாரோகாவின் கடமை என்றது. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் அதன் 13ஆவது பிரிவில் அதே மனிதரைக் காவல் நிலைய அதிகாரி 'கைது' செய்யலாம் என்றது. அபாயகரமானவர் என்று கருதினால் கைது செய்தே ஆகவேண்டும். உடனே மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1987இல் இயற்றப்பட்டு 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், 23ஆவது பிரிவில் 'கைது' என்ற சொல்லை நீக்கிப் 'பாதுகாப்பில் எடுத்தல்' என்ற தொடரை வைத்தது. பிடித்ததற்கான காரணத்தை அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் சேர்த்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு சேருமிடத்தை மாற்றியது. முதற்பயணம் இப்போது நீதிமன்றத்துக்கு அல்ல, மருத்துவமனைக்கு.

'அலைந்து திரியும்' என்ற அடைமொழி மட்டும் நான்கு சட்டங்களிலும் அசையாமல் நிற்கிறது. பிடித்தல், கைது செய்தல், பாதுகாத்தல் என்று வினைச்சொல் மாறியிருக்கிறது. போக வேண்டிய இடமும் மாறியிருக்கிறது. முதல் மூன்று சட்டங்களிலும் மனநோய் என்பது நடுவர் முன் வைக்கப்பட வேண்டிய ஒரு விவகாரம். நான்காவதில்தான் அது உடலின் பிற நோய்களைப் போல முதலில் மருத்துவர் பார்க்க வேண்டிய ஒன்றாகிறது. வீடற்றவர் என்றால் காணாமற்போனவர் பற்றிய முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்ற விதியும் இதே பிரிவில் இருக்கிறது. அதாவது, தெருவில் காணப்படும் மனிதரை 'எங்கிருந்தோ வந்த தொல்லை' என்று பார்க்காமல், 'எங்கோ ஒரு வீட்டில் காணாமற்போனவர்' என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். பார்வையைத் திருப்பிவைக்கும் வாக்கியம் இது.

ஆனால் குற்றவியல் சட்டத்தின் மொழி வேறு திசையில் போனது. 1843இல் இங்கிலாந்தில் மக்னாட்டன் வழக்கில் உருவான விதியை ஒட்டி எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு 'சித்தசுவாதீனமின்மை' என்ற கருத்தைப் பயன்படுத்தியது. 2023இல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் வரைவு அதை 'மனநோய்' என்று மாற்ற முயன்றது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆலோசனைக்குப் பின் இறுதி வடிவில் பழைய சொல்லே 22ஆவது பிரிவாகத் திரும்பியது. மனநோய் என்பது விரிந்த சொல்; எல்லா மனநோயும் செயலின் தன்மையை உணர முடியாதபடி செய்துவிடுவதில்லை என்பது இதற்கான நியாயம். நியாயம் சரிதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு விசாரணையின் முடிவில், தீர்ப்பு எழுதும் நேரத்தில்தான் பயன்படும். தெருவிலிருந்து தீர்ப்பு வரைக்கும் உள்ள மாதங்களில் அந்த மனிதர் எங்கே இருப்பார் என்பதற்கு அதில் விடை இல்லை.

*

பெரும்பாலானோர் சிறைக்குப் போவது கொலைக்காக அல்ல. பசியில் கடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுப்பது, பூட்டிய தொழிற்சாலையின் சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே படுப்பது, தெருவில் கூச்சலிடுவது, தடுக்க வந்த காவலரின் சட்டையைப் பிடிப்பது ஆகியவைதான் குற்றங்கள். அத்துமீறி நுழைதலுக்கு மூன்று மாதம் வரைதான் தண்டனை. ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான். ஆனால் ஜாமீனுக்கு ஒரு முகவரி வேண்டும், பிணை நிற்க ஒருவர் வேண்டும். தன் பெயரையே நாளுக்கொன்றாகச் சொல்பவருக்குப் பிணை நிற்பவர் யார்? மூன்று மாதத் தண்டனைக்குரிய செயலுக்கு அதைவிட நீண்ட ரிமாண்ட் இப்படித்தான் நேர்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் எளிய வழி ஒன்றை வைத்திருந்தது. வெளிப்படையான பிழைப்பு இல்லாதவர், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர இயலாதவர் என்பதே ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கப் போதுமான காரணம். 1973இன் புதிய சட்டத்தில் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. ஆனால் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் போன்றவை தொடர்ந்தன.

குற்றமே செய்யாமலும் சிறைக்குப் போக முடிந்தது. 1912 சட்டத்தின்படி, பிடிபட்டவர் உண்மையில் நோயாளிதானா என்று கண்டறிய மாஜிஸ்திரேட் அவரைச் சில நாட்கள் 'தகுந்த இடத்தில்' வைத்துக் கவனிக்க உத்தரவிடலாம். மருத்துவமனை தொலைவில், சிறை அருகில். எனவே சிறையே தகுந்த இடமாயிற்று. சில நாட்கள் சில ஆண்டுகளாயின. மேற்கு வங்கச் சிறைகளில் இப்படி வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், குற்றம் சாட்டப்படாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம், அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 1993 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1982இல், பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநோயின் பெயரால் இருபது, முப்பது ஆண்டுகள் வரை மறக்கப்பட்டுக் கிடந்த கைதிகளை வீணா சேத்தி வழக்கு வெளியே கொண்டுவந்திருந்தது. ஒருவர் 37 ஆண்டுகள் உள்ளே இருந்திருந்தார்.

இவற்றையெல்லாம் விஞ்சியது அசாமில் நடந்தது. 1951இல் கைதான பழங்குடி இளைஞர் ஒருவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் குணமடைந்துவிட்டார் என்று மருத்துவமனை சான்றளித்தது. விடுதலைக்குப் பதில் அவர் குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை நடக்கவே இல்லை. 2005இல் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். இந்தக் கதையில் கொடியவன் என்று எவரையும் சுட்ட முடியவில்லை. மருத்துவமனை தன் கடமையைச் செய்தது. சிறை தன்னிடம் வந்தவரை வைத்துக்கொண்டது. நீதிமன்றத்தின் முன் கோப்பு வரவில்லை. ஒவ்வொரு வாசலும் தன் வரையில் சரியாக இருந்தது. வாசல்களுக்கு இடையே மட்டும் ஒருவரும் இல்லை.

*

தமிழகத்துக்கு இந்த வரலாற்றில் தனி அத்தியாயம் உண்டு; அது சிறையில் எழுதப்படவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசுப் பொறுப்பில் எடுக்கப்பட்டு, கீழ்ப்பாக்கத்துக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஏர்வாடியின் பாடம் நம்பிக்கைக்கு எதிரானதாக மட்டும் படிக்கப்பட்டது. ஆனால் ஏன் அத்தனை குடும்பங்கள் தம் பிள்ளைகளை அங்கே விட்டுச்சென்றன? அருகில் மருத்துவம் இல்லை என்பதுதான் முதல் காரணம். 1946இல் போர் குழு தன் அறிக்கையில், இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை என்றும் இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒன்று என்றும் கணக்கிட்டிருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சி அவற்றுள் ஒன்று. தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. முன்னோடி மாநிலத்திலேயே 2001இல் சங்கிலி இருந்தது.

இங்கே லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1939இல் எழுதிய ஆய்வை நினைவுகூரலாம். 18 ஐரோப்பிய நாடுகளின் கணக்கை வைத்து, மனநல மருத்துவமனைப் படுக்கைகள் குறைவாக உள்ள நாடுகளில் சிறைவாசிகள் அதிகம் என்று அவர் காட்டினார். அமெரிக்காவில் பெரும் மருத்துவமனைகள் மூடப்பட்ட பின் சிறைகள் நிரம்பியதற்கு இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நம் நிலை வேறு. நாம் மூடியதில்லை, போதுமான அளவு திறக்கவே இல்லை. நம் நாட்டில் மருத்துவமனைக்கு மாற்றாக இருந்தது சிறை மட்டுமல்ல. குடும்பத்தின் பின்கட்டு, கோயில் மண்டபம், தர்கா, ரயில் நிலையம், நெடுஞ்சாலை எல்லாம்தான்.

மாற்றத்துக்கு உழைத்தவர்களும் இங்கேயே இருந்தார்கள். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வேண்டும் என்ற முயற்சி அவர் காலத்தில் தொடங்கியது. 1984இல் மனச்சிதைவு நோய்க்கான 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் வாழும் மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இருவரும் இளம்பெண்கள். தெருவில் தவிக்கும் ஒரு பெண்ணை எந்த நிறுவனமும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்ற அனுபவமே அந்த அமைப்பின் விதை. சிகிச்சைக்குப் பின் ஊர் நினைவுக்கு வர, பீகாருக்கும் வங்கத்துக்கும் ஆந்திரத்துக்கும் பெண்களை வீடு சேர்த்தது அதன் பணி. 'பைத்தியம்' என்று தெரு அழைத்த ஒருத்திக்கு ஒரு மாவட்டமும் கிராமமும் தாய்மொழியும் இருந்தன என்பதை அந்தப் பயணங்கள் மெய்ப்பித்தன. 2018 முதல் தமிழக அரசு தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து சில மாவட்டங்களில் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் திறந்தது இந்த அனுபவத்தின் நீட்சிதான்.

*

இவ்விஷயத்தில் உலகம் அடிக்கடி சுட்டும் ஊர் அமெரிக்காவின் மெம்பிஸ். 1987 செப்டம்பரில் அங்கே கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த 27 வயது மனநோயாளி ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். உதவிக்குத்தான் அவர்களை அழைத்திருந்தார்கள். ஊரின் கோபத்துக்குப் பின் 1988இல், காவல்துறையும் நோயாளிகளின் குடும்பச் சங்கமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நெருக்கடித் தலையீட்டுக் குழுவை உருவாக்கின. தாமாக முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. குரலைத் தாழ்த்துவது, தூரம் விடுவது, அவசரப்படாமல் இருப்பது, கேட்பது முதலியவை அதில் அடங்கும்.

இம்முறையைப் பின்பற்றிய பல ஊர்கள் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டன. பயிற்சி காவலர்களின் மனப்பான்மையை மேம்படுத்துகிறது என்பது ஆய்வுகளில் தெளிவு. கைதுகளும் காயங்களும் குறைகின்றனவா என்பதில் முடிவுகள் அத்தனை உறுதியாக இல்லை. மெம்பிஸின் உண்மையான சிறப்பு வேறு இடத்தில் இருந்தது. காவலர் அழைத்துவருபவரை மறுக்காமல் ஏற்கும் ஒரு மருத்துவமனை வாசல் அங்கே இருந்தது. காவலர் சில நிமிடங்களில் நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் தன் பணிக்குத் திரும்பலாம். மருத்துவமனையில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், சிறையில் அரை மணி நேரத்தில் வேலை முடியும் என்றால், எத்தனை நல்ல மனம் படைத்த ஏட்டும் நாலாவது முறை சிறை வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். கருணை தனிமனிதக் குணமாக மட்டும் இருக்கும்போது களைத்துப்போகிறது. அதற்கு ஒரு வாசல் தேவைப்படுகிறது.

*

இப்போது கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பலாம். சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளிலும் வார்ப்பகங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்கத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்குப் பருவந்தோறும் ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இங்கே இருக்கிறது. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது தூரத்தில் ஆந்திரம். லாரியிலோ ரயிலிலோ ஏறிவந்து, எங்கே இறங்கினோம் என்று அறியாமல் இறங்கியவர்கள் முதலில் காணும் தமிழ் ஊர்கள் இவை. ஒரு காவல் எல்லையில் தொல்லையாகத் தோன்றுபவரை அடுத்த எல்லையில் இறக்கிவிடும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. மாநில எல்லை அதற்கு வசதியான இடம்.

நள்ளிரவில் ஒரு தொழிற்சாலைக் காவலாளி நிலையத்துக்குத் தொலைபேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவரேறி வந்த ஒருவன் தனக்குத்தானே பேசுகிறான், கேட்டால் அடிக்க வருகிறான். நிலையத்தில் இருக்கும் ஏட்டுக்கு அவன் பேசுவது ஒடியாவா, சாந்தாலியா, நோயின் பிதற்றலா என்று பிரித்தறிய வழியில்லை. குடிபோதையா, காய்ச்சலா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா, மனச்சிதைவா என்பது மருத்துவருக்கே உடனே புலப்படாதது. சட்டத்தின் 30ஆவது பிரிவு காவலர்களுக்கு அவ்வப்போது இது குறித்த பயிற்சி தர வேண்டும் என்கிறது. அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையம் என்பது பெரும்பாலும் மனநல மருத்துவர் இரவில் இல்லாத ஓர் இடம். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. ஆனால் அது மேற்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியின் ரயிலும் சாலையும் இயல்பாகச் சென்னையை நோக்கியே போகின்றன. சென்ட்ரலுக்கு ரயில்வழித் தூரம் 48 கி.மீ. இரவில் ஒரு வண்டியும் இரு காவலர்களும் கீழ்ப்பாக்கம் போய்த் திரும்புவதென்றால் நிலையத்தில் ஆள் இருக்காது. காலையில் நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் வாங்கினால் வழி நேரானது. புழல் சாலையிலேயே இருக்கிறது.

ஆகவே ஏட்டைக் குறை சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல இது. சட்டத்தின் 100ஆவது பிரிவு அழைத்துவந்தவரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை மருத்துவ அலுவலர்மீது வைக்கிறது. 31ஆவது பிரிவு எல்லா அரசு மருத்துவ அலுவலர்களுக்கும் சிறை மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி வேண்டும் என்கிறது. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்தப் பத்தாண்டு அவகாசம் தருகிறது. அந்தப் பத்தாண்டு 2028இல் முடிகிறது. இரவில் மறுக்காமல் ஏற்கும் ஒரு வாசல் வடக்கு வட்டங்களுக்குள்ளேயே வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் ஒடியா, இந்தி, வங்காள மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ரிமாண்ட் கேட்கும்போது 'இவரை மருத்துவர் பார்த்தாரா' என்று நடுவர் கேட்பது வழக்கமாக வேண்டும். இவை எவையும் பெரும் பணம் கோருபவை அல்ல. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இயங்கும் 'டெலி மானஸ்' சேவை பல மொழிகளில் ஆலோசனை தருகிறது. நிலையச் சுவரில் அந்த எண் ஒட்டப்பட்டிருப்பதே ஒரு தொடக்கமாகும்.

நோயாளிகள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. கடுங்குற்றம் செய்த மனநோயாளியை நீதிமன்றம் விசாரிக்கத்தான் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் நீதி உண்டு. அத்தகையவர்களுக்காக மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநலப் பிரிவு வேண்டும் என்று 103ஆவது பிரிவு சொல்கிறது. நம் கவலை, குற்றம் என்று அழைக்கத் தகாத செயலுக்காக, பேச்சு புரியவில்லை என்பதற்காக, பிணை நிற்க ஆளில்லை என்பதற்காக உள்ளே போகிறவர்களைப் பற்றியது.

காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் அந்த இரவில் எழுதப்படும் வரி ஒன்று உண்டு. 'சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட நபர்' என்றும் எழுதலாம். 'காணாமற்போனவர், பாதுகாப்பில் எடுக்கப்பட்டார்' என்றும் எழுதலாம். சட்டம் 160 ஆண்டுகள் நடந்து முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மனிதரைத் தேடிக்கொண்டு ஒரு தாய் கலஹாண்டியிலோ கயாவிலோ இன்னும் இருக்கக்கூடும். அவளுக்குப் போய்ச்சேரக்கூடிய சொல் இரண்டாவது மட்டுமே.